ஆரல்வாய்மொழிக்காரன் பலூன் ஏறிய கதை

ஆரல்வாய்மொழியில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓயப்போகிற இடத்தில், மலைக்கும் மலைக்கும் நடுவே கிடக்கிற கணவாய்தான் எங்கள் ஊர். வைகாசி பிறந்துவிட்டால் அரபிக்கடலில் இருந்து வரும் காற்று நாஞ்சில் நாட்டு வயல்களின் மேல் பரந்து வந்து, இந்த இடுக்கில் நெருங்கி, வேகம் பிடித்து, கிழக்கே திருநெல்வேலிச் சீமைக்குள் பாயும். புரட்டாசி வரைக்கும் இதே கதைதான். சைக்கிளில் கிழக்கே போகிறவன் மிதிக்கவே வேண்டாம்; திரும்பி வருகிறவன் இறங்கித்தான் தள்ள வேண்டும். கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தெருவில் போய்த் தேடுவோம். பேச்சும் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஏன் கத்துறே?" என்று கேட்டார்கள். ஊரில் அப்படிப் பேசினால்தான் எதிரில் நிற்பவனுக்குக் கேட்கும்.

எண்பதுகளின் பிற்பாதியில் இந்தக் காற்றுக்கு ஒரு விலை வந்தது. முப்பந்தலைச் சுற்றிக் காத்தாடிகள் முளைத்தன. காற்றாலை என்று பேப்பரில் எழுதுவார்கள், எங்களுக்குக் காத்தாடி. இன்றைக்கு அந்தப் பக்கத்துக் காத்தாடிகளின் மொத்தத் திறன் ஏறத்தாழ 1,500 மெகாவாட் என்று சொல்கிறார்கள். என் சித்தப்பா மகன் அங்கே ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். வாரத்தில் பாதி நாள் அவன் தரையில் இருப்பதைவிடக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் நேரம்தான் அதிகம். உயரம் அவனுக்குச் சாதாரணம். ஆனால் நான் பலூனில் போனேன் என்றதும் அவன் முகத்தில் வந்த பொறாமையைப் பார்த்தபோது, கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தோன்றியது.

பெருநாள் விடுமுறையில் ரூம்காரர்கள் சேர்ந்து துருக்கிக்குப் போனோம். இஸ்தான்புல்லைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விடுகிறேன். அங்கிருந்து கப்படோக்கியா. பழைய எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி மென்பாறையாகி, அதை மழையும் காற்றும் அரித்து, கூம்பு கூம்பாக நிற்கிற பூமி அது. அந்தப் பாறைகளைக் குடைந்து வீடும் மாதா கோயிலும் கட்டியிருக்கிறார்கள். பல நூற்றாண்டுக்கு முந்தைய ஓவியங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த இடம். எங்களோடு வந்த மார்த்தாண்டத்துத் தம்பி ஒவ்வொரு குகைக் கோயிலிலும் சிலுவை போட்டுக்கொண்டே வந்தான். அவன்தான் பலூன் வேண்டாம் என்று கடைசிவரை நின்றவனும்.

அவன் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2013இல் எகிப்தின் லக்சரில் பலூன் ஒன்று தீப்பிடித்து விழுந்து 19 பேர் செத்தார்கள். அவன் அதையெல்லாம் போனில் தேடி எடுத்து வைத்திருந்தான். நான் அம்மையிடம் சொல்லாமல் போனேன். 2017இல் ஒக்கிப் புயல் வந்த பிறகு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றைப் பற்றி விளையாட்டாகப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. "சும்மா கெடக்க மாட்டியா?" என்றுதான் அம்மை கேட்டிருப்பாள்.

ஒரு ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல். கூட்டமான நாளில் இரட்டிப்பாகவும் போகும். இந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறத்தல், விடியுமுன் வந்து எழுப்புகிற ஒரு வேன், ஆறிப்போன ஒரு தேநீர், கடைசியில் உங்கள் பெயரைத் தப்பாக எழுதிய ஒரு சான்றிதழ். இவற்றில் முதலாவதுக்குத்தான் காசு.

வேன் வந்தபோது நல்ல இருட்டு. கோடைக்காலம்தான், ஆனாலும் அந்த ஊர் கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஷார்ஜாவில் இருந்து கொண்டுபோன மெல்லிய சட்டை குளிருக்குப் போதவில்லை. திடலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிறகு காத்திருப்பு. பறக்கலாமா வேண்டாமா என்பதைப் பலூன் கம்பெனி முடிவு செய்வதில்லை. விமானப் போக்குவரத்துத் துறைக்காரர்கள் காற்றைப் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி சொல்கிறார்கள். சிவப்பு என்றால் அத்தனை பேரும் திரும்பிப் போய்ப் படுக்கலாம். மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு மஞ்சள்.

அந்த இடைவெளியில்தான் பைலட் செய்த ஒரு காரியத்தைக் கவனித்தேன். பிறந்தநாள் பலூன் அளவில் ஒன்றை எடுத்து, ஹீலியம் அடைத்து, சின்ன விளக்கொன்றைக் கட்டி மேலே விட்டார். அது நேராக ஏறி, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து, இன்னும் மேலே போனதும் திடுமென வலதுபக்கம் திரும்பியது. பைலட் கழுத்தை வளைத்து, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை.

பச்சைக் கொடி வந்ததும் எல்லாம் அவசரம். தரையில் நீளமாக விரித்துப் போட்ட நைலான் துணிக்குள் பெரிய மின்விசிறிகளை வைத்துக் குளிர்ந்த காற்றை அடித்தார்கள். துணி பாதி உப்பியதும் பர்னரைத் திருகினார்கள். புரொபேன் தீ ஆள் உயரத்துக்கு மேல் சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. படுத்துக் கிடந்த பலூன் மெல்ல எழுந்து கூடையையும் நிமிர்த்தியது. ஏறிக்கொண்டோம். பர்னர் எரியும்போதெல்லாம் தலைக்கு மேலே எங்கள் ஊர்ச் செங்கல்சூளை வாயைத் திறந்தது போல ஒரு வெக்கை.

பறப்பதன் கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 1.2 கிலோ எடை. அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் விரிந்து, அதே இடத்தில் 0.95 கிலோதான் இருக்கும். மிச்சம் கால் கிலோ. எங்களைப் போல இருபது பேரை ஏற்றுகிற பலூனுக்குள் எட்டாயிரம் கன மீட்டராவது இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு டன் தூக்கும் பலம். வெளிக்காற்று குளிர்ந்திருக்க இருக்க இந்த வித்தியாசம் கூடும். நல்ல வெயிலில் அதே சுமையைத் தூக்க உள்ளே இன்னும் சூடேற்ற வேண்டும். துணியோ 120 டிகிரிக்கு மேல் தாங்காது. விடியற்காலையைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: வெயில் ஏறினால் தரை சூடாகி, அங்கங்கே காற்று குமிழியிட்டு மேலே கிளம்பும். அந்தக் குமிழிகளுக்குள் பலூன் மாட்டினால் பைலட் சொல்படி கேட்காது. சூரியன் தரையைச் சுடுவதற்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். பயணிகளுக்குச் சூரிய உதயம் ஒரு காட்சி. பைலட்டுக்கு அது ஒரு கெடு.

இதெல்லாம் 1783இல் பிரான்ஸில் தொடங்கியது. மோன்கோல்ஃபியே சகோதரர்கள் காகித ஆலை வைத்திருந்த குடும்பத்துக்காரர்கள். செப்டம்பரில் ஒரு செம்மறியாடு, ஒரு வாத்து, ஒரு சேவலை ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மூன்றும் உயிரோடு இறங்கிய பிறகு, நவம்பர் 21ஆம் தேதி இரண்டு மனிதர்கள் கயிறு கட்டாத பலூனில் பறந்தார்கள். வைக்கோலை எரித்துப் பறந்த காலம் அது. புரொபேன் பர்னரோடு இன்றைய வடிவம் வந்தது 1960இல், அமெரிக்காவின் எட் யோஸ்ட் செய்த வேலை. நடுவில் ஏறத்தாழ 180 வருடம். மனிதன் நிலவுக்குப் போவதற்கு ஒன்பது வருடம் முன்புதான் நல்ல பலூன் அடுப்பு கண்டுபிடித்தான் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

சரி, மேலே.

தரையை விட்ட நொடி தெரியவே இல்லை. பக்கத்தில் நின்ற வேனின் கூரை கண்ணுக்கு நேரே இருந்தது, பிறகு காலுக்குக் கீழே இருந்தது. மார்த்தாண்டத்துத் தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு நல்ல பேடியாட்டு இருக்கு" என்றான். கீழே பாக்காண்டாம் என்று அவன் பாஷையிலேயே சொன்னேன். நானும் உள்ளுக்குள் ஒரு விஷயத்துக்குக் காத்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்துவாழ்மலை ஏறியவர்களுக்குத் தெரியும். கடைசிப் பாறையில் தலையை நீட்டியதும் கடற்காற்று முகத்தில் அறையும். தொப்பி போட்டிருந்தால் பறந்துவிடும். அது சின்ன மலை. இங்கே அதைவிட உயரம் போகப்போகிறோம், கூடையில் கதவுகூட இல்லை. அந்தக் காற்று எப்போது வரும் என்று கூடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்து நின்றேன்.

வரவே இல்லை.

கழுத்தில் சுற்றியிருந்த துண்டின் முனை அசையாமல் தொங்கியது. முன்னால் நின்ற பெண்ணின் முடி அப்படியே இருந்தது. ஆனால் கீழே பாறைகள் நகர்ந்துகொண்டிருந்தன, நல்ல வேகத்தில். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: பலூனுக்கு இன்ஜின் கிடையாது, காற்று எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் அதுவும் போகிறது, ஆகவே காற்றுக்கும் அதற்கும் நடுவே வேகமே இல்லை. புத்தகத்தில் இது ஒரு வாக்கியம். காற்றை முகத்தில் வாங்கியே வளர்ந்தவனுக்கு அது அப்படி இல்லை. இத்தனை வருடமும் நான் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தது என்னைத் தள்ளிய வேகத்தை மட்டும்தான். நான் நின்றேன், அது போனது. அந்த மோதலுக்குத்தான் ஆடிக்காற்று என்று எங்கள் ஊரில் பெயர். இங்கே மோதுவதற்கு ஆள் இல்லை. நானும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தேன்.

பர்னரை நிறுத்தியபோது வந்த அமைதியும் அதனால்தான். காதுக்குள் எதுவும் இரைவதில்லை. எங்கோ கீழே ஒரு நாய் குரைத்தது தெளிவாகக் கேட்டது. யாரோ ஒரு அம்மா வீட்டு வாசலில் நின்று யாரையோ திட்டுவதும் கேட்டது. துருக்கி மொழிதான், இருந்தாலும் திட்டு என்று தெரிந்தது.

சூரியன் வந்தது. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். நானும் எடுத்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட பலூன்கள் ஒரே நேரத்தில் வானத்தில் நிற்பது பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் கன்னியாகுமரிக்காரனிடம் சூரிய உதயத்தைப் பெரிதாக விற்க முடியாது. விடுமுறை நாளில் விடியுமுன் பாறைமேல் இடம்பிடிக்க முண்டுகிற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். என் கண் பைலட்டின் கை மேல்தான் இருந்தது.

அந்த மனிதர் பலூனை ஓட்டினார் என்று சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது இரண்டே வேலை: பர்னரைத் திருகி ஏற்றுவது, உச்சியில் உள்ள மூடியைக் கயிறு இழுத்துத் திறந்து சூட்டை வெளியே விட்டு இறக்குவது. இடது வலது கிடையாது. இடதுபக்கம் போக வேண்டும் என்றால், இடதுபக்கம் போகிற காற்று எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே போய்ச் சேர வேண்டும். காலையில் விட்ட ஹீலியம் பலூன் திரும்பிய இடங்களை அவர் மனதில் வைத்திருந்தார். பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம், ஆப்ரிகாட் மரத்தின் உச்சி இலை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. மலைச்சுவர் எதிரே வரும்போது பர்னரைத் திருகினார். உடனே ஏறாது. சூடு உள்ளே பரவி வேலை செய்யச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடியை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் அவர் கை போனது. மேலே ஒரு அடுக்கில் இருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது மட்டும் ஒரு கணம் முகத்தில் காற்று பட்டது. அவ்வளவுதான், மறுபடி அமைதி.

இறங்குமுன் எல்லாரையும் முதுகைக் காட்டிக் குந்தவைத்து, முழங்காலை மடக்கி, கூடைக்குள் இருந்த கயிற்றுப் பிடியைப் பிடிக்கச் சொன்னார். கீழே டிரெய்லர் வண்டி எங்களைத் துரத்திக்கொண்டு வயல் வழியாக ஓடியது. அந்த டிரெய்லர் மேலேயே கூடையைக் கொண்டுபோய் வைத்தார். மார்த்தாண்டத்துத் தம்பி கைதட்டினான். அவன் அதற்குள் நாற்பது படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தான்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டேன். எதிர்பார்த்த பதில்தான் முதலில் வந்தது: "இத நம்ம முக்கடல்ல விட்டா எப்பிடி இருக்கும்!" வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் நடுவே புதுக் கண்ணாடிப் பாலமும் மேலிருந்து தெரிய, மூன்று பக்கமும் கடல். சொல்லக் கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

சித்தப்பா மகன் ஒரே வரியில் முடித்தான். "அண்ணே, செகண்டுக்கு மூணு மீட்டர் காத்து இருந்தாத்தான் எங்க காத்தாடியே சுத்த ஆரம்பிக்கும். உங்க பலூனு எவ்வளவு தாங்கும்?" ஐந்து மீட்டருக்கு மேல் தரைக்காற்று இருந்தால் பெரும்பாலும் ஏற விடமாட்டார்கள் என்றேன். சிரித்தான். அவனுடைய நல்ல நாளும் என்னுடைய நல்ல நாளும் ஒரே நாளில் வருவது அபூர்வம். போதாததற்கு முப்பந்தல் பக்கம் எங்கு பார்த்தாலும் கரண்ட் கம்பி. பலூன்காரர்கள் உலகத்தில் எதற்கும் பயப்படுவதைவிட மின்கம்பிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

ஆனால் விஷயத்தை முழுசாகப் புரிந்துகொண்டது மணக்குடியில் இருக்கிற என் நண்பனின் அப்பா. கடலுக்குப் போவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. மோட்டார் வருமுன் பாய்மரத்தில் போனவர். படத்தை ஒருமுறைதான் பார்த்தார்.

"சுக்கான் கெடையாதா மக்கா?"

"கெடையாது மாமா."

"பாயும் இல்ல?"

"இல்ல. ஏத்தலாம், எறக்கலாம். அவ்வளவுதான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப காத்து அடுக்கடுக்கா இருக்கணுமே. கடல்லயும் அப்பிடித்தான். மேல ஒரு நீவாடு போகும், அடியில வேற நீவாடு போகும். வலை போட்டவனுக்குத் தெரியும்."

நீவாடு என்றால் கடல் நீரோட்டம். துருக்கியில் அந்தப் பைலட்டின் கையைப் பார்த்துப் பார்த்து நான் புரிந்துகொண்டதை, மாமா தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லிவிட்டார். முக்கடல் யோசனையைச் சொன்னேன். அதற்கும் பதில் இருந்தது.

"விடியக்காலத்துல கரைக்காத்து லேசா கடலப் பாத்து இழுக்கும். அதுல பாய விரிச்சுத்தான் நாங்க போவோம். நீ சொல்லுத பலூனும் அந்த நேரத்துக்குத்தான கெளம்பும்? அப்ப அதுவும் எங்க கூடத்தான் வரும். நாங்க மத்தியானம் கடக்காத்துல திரும்பிருவோம். நீ எங்க எறங்குவ?"

இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் வரும் காற்று அது. பலூனுக்கு உகந்த அமைதியான நேரமும், எங்கள் கரையில் காற்று கடலுக்குப் போகும் நேரமும் ஒன்றே. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்தாலும் வடகிழக்கில் இருந்துதான் தள்ளும். அது கொண்டுபோகிற பக்கமும் கடல்தான். மேற்கே இருந்து அடிக்கிற மேல்காற்றுக் காலத்தில் கணவாய் வழியாகக் காத்தாடிக் காட்டுக்குள் கொண்டுபோய் விடும். மாவட்டத்துக்கு வெளியே கூடங்குளம் அணுமின் நிலையம் வேறு இருக்கிறது. அதன் மேல் யாரை மிதக்க விடுவார்கள்?

"அப்ப கயிறு கட்டி விடலாம்லா?" என்று நண்பன் கேட்டான். பொருட்காட்சிகளில் அப்படிச் செய்கிறார்கள்தான். எனக்கு அதில் ஆசை இல்லை. கயிறு கட்டியதுமே பலூன் காற்றோடு போவதை விட்டுவிட்டு காற்றை எதிர்த்து நிற்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் சுதந்திரமாகப் பறப்பதற்கு வேண்டியதைவிடவும் அமைதியான காற்று அதற்கு வேண்டும். கன்னியாகுமரிக் கடற்கரையில் அந்த அமைதி கிடைக்கிற நாளை விரல்விட்டு எண்ணலாம். கிடைத்தாலும், மேலே போய் நிற்கிறவன் முகத்தில் அதே பழைய காற்றுதான் அடிக்கும். அதற்கு மருந்துவாழ்மலையே போதும். கீழே குளங்களும் புத்தளம் பக்கத்து உப்பளங்களும் தூரத்தில் காத்தாடிகளும் காசில்லாமலே தெரிகின்றன.

துருக்கி வரை போக முடியாதவர்கள் பொள்ளாச்சியைப் பார்க்கலாம். 2015இல் தொடங்கி பொங்கலை ஒட்டி அங்கே சர்வதேச பலூன் திருவிழா நடக்கிறது. அதுவும் கணவாய்க்கு எதிரே இருக்கிற ஊர்தான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். எங்களுடையதைப் போலக் கழுத்தை நெரிக்கிற இடுக்கு இல்லை. தை மாத விடியலில் காற்று அடங்கியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் இறங்க வயல் உண்டு. 2025இல் அங்கிருந்து கிளம்பிய ஒரு பலூன் பாலக்காடு மாவட்டத்து வயலில் போய் இறங்கியது செய்தியாக வந்தது. அங்கே கயிறு கட்டியும் ஏற்றுகிறார்கள், கட்டாமலும் பறக்கிறார்கள். போகுமுன் எதற்கு டிக்கெட் வாங்குகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். நாகர்கோவிலில் இருந்து கோயம்புத்தூருக்கு ராத்திரி வண்டி இருக்கிறது, காலையில் பஸ் பிடித்தால் பொள்ளாச்சி. அவன் நாள்காட்டியை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். காற்று அடிக்கிற மாதங்களில் காத்தாடியை விட்டு நகர முடியாது. காற்று இல்லாத மாதங்களில்தான் மெயின்டனன்ஸ், அப்போதும் லீவு கிடையாது. "காத்து இல்லாத நாளுல பறக்குத சாமானத்துல எனக்கு எந்தக் காலத்துலயும் ஏற முடியாதுண்ணே" என்றான்.

மணக்குடி மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவனுக்க டிக்கெட்ட எனக்குப் போடு மக்கா" என்றார். வயது வரம்பு ஏதாவது உண்டா என்று விசாரிக்க வேண்டும்.